சேலத்துக்கு மேலே மூன்று நாடு!

கோடை வந்துவிட்டால் நம்மவர்களுக்கு இரண்டே இரண்டு ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ஊட்டி, மற்றொன்று கொடைக்கானல். அங்கே போய் இடம் கிடைக்காமல் திண்டாடி, போட்டை ஏறுவதற்குக் கியூவில் நின்று, வேர்க்கடலையை இரட்டிப்பு விலைக்கு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தால்தான், "கோடைக்கு மலைக்குப் போயிருந்தோம்" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஏற்காட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஓ! அது ஏழைகளின் ஊட்டி அல்லவா?" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சொல்கிறபோது குரலில் கொஞ்சம் அநுதாபமும் இருக்கும். பாவம், அந்த மலை என்ன செய்யும்! தன்னை ஊட்டி என்று அது ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலிக்குப் போகிற பிரயாணிகள் ரோமாபுரியையும் வெனிஸையும் பிளாரென்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்பென்னைன் மலைத் தொடருக்கும் ஏட்ரியாடிக் கடலுக்கும் நடுவே மார்க்கே என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. மகா சித்திரக்காரரான ரஃபேல் 1483-ஆம் வருஷம் பிறந்த உர்பினோ நகரம் அங்கேதான் உள்ளது. ரஃபேலின் சித்திரத்தைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் அவர் பிறந்த ஊருக்குப் போகிறார்கள்? பிரபலமான ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சரித்திரம் எல்லா நாட்டிலும் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறது.

ஆகையால், ஏற்காட்டு ஏரியோடு நின்றுவிடாமல், அதையும் தாண்டி மஞ்சக்குட்டை வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். என்னுடன் ஒரு சென்னை நண்பரும் புறப்பட்டார். எதற்கும் சுலபத்தில் ஆச்சரியப்படாத மனிதர் அவர்.

கல்லறைக் கல்லின் கதை

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்ததும் மலை ஆரம்பமாகிறது. அதற்கு முன்பே அந்தப் பக்கத்து நிலம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு கொட்டியதுபோல் தெரியும். வெள்ளைக்காரர்கள் இதற்குச் 'சாக்குக் குன்று' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது சாக்குக் கட்டியும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல. மாக்னசைட் என்னும் தாதுப் பொருள். இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறத்தில், கடும் உஷ்ணத்தைத் தாங்கும் செங்கல்லாக அது வேலை செய்கிறது.

அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். நண்பர் முதல் ஐந்து வளைவுகளை உரக்க எண்ணினார். பத்தாவது வளைவில் மனத்துக்குள் எண்ணினார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

கண்ணை மூடாதவர்கள் சாலை ஓரத்துப் பாறையைக் கவனிக்கலாம். கறுப்பும் நீலமும் கலந்தாற்போல் உறுதியான கல். இந்தக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தா நகருக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று வெகுகாலம் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை அந்த ஊரிலே இருக்கிறது. ஹாலண்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி அந்தக் கல்லறைக் கல்லைப் பரிசோதித்து, இது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டுபிடித்து, 1893-இல் அதற்குச் சார்னக்கின் பெயரையே வைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் கிடைப்பதும் சேர்வராயன் மலையாக நிற்பதும் ஒரே ஜாதிக் கல்தான். கல்கத்தாவிலே சமாதியாகப் படுத்திருக்கும் கல்லின் உறவினர் இங்கே 5,000 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறார்!

யார் கண்டுபிடித்தது?

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். ஏழு காடு என்பதே அப்படி மருவிற்று என்று சாதிப்பவர்களும் உண்டு. அது எப்படியாவது இருக்கட்டும். 'இந்த ஊரைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். பல வழிகாட்டிப் புத்தகங்கள், "1842-ஆம் வருஷத்தில் கவர்னர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார்" என்று பட்டென்று பதில் சொல்லும்.

இதிலே ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது. மன்றோ 1827-ஆம் வருஷத்திலேயே காலரா கண்டு காலமாகிவிட்டார். இறந்து பதினைந்து வருஷம் கழித்து ஒருவர் மலை ஏறி வந்து ஊரைக் கண்டுபிடிப்பதென்றால், அவர் கவர்னராக இருந்தால்கூட, கொஞ்சம் கஷ்டமான காரியந்தான்!

மன்றோவுக்கும் சேலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பெனியார் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்த கர்னல் ரீடின் கீழ் உதவியாளராக இருந்து, நிலத்தை அளந்து வரி போட்ட இளைஞர்களில் மன்றோவும் ஒருவர். பிற்காலத்தில் யாரோ அந்தப் பெரிய பெயரை எடுத்து இந்த மலையின் தலையிலும் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மலையிலே முதன் முதலில் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றிய துரை காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலத்துக் கலெக்டராக இருந்தவர். காப்பியோடு பேரிக்காய், ஆப்பிள் என்று பலவற்றையும் நட்டுப் பார்த்தார். அவருடைய கிரேஞ்சு தோட்டத்தின் பெயர் இன்றும் வழங்குகிறது. அவருக்குப் பின் தோட்டக்காரர்கள் வந்தார்கள், பங்களாக்கள் வந்தன. 1894-இல் கன்னிகாஸ்திரீகள் பெண் குழந்தைகளுக்குச் சேக்ரட் ஹார்ட் பள்ளியைத் தொடங்கினார்கள்; 1917-இல் மாண்ட்போர்ட் பள்ளி வந்தது. 1963-இல் மத்திய சர்க்காரின் தாவரவியல் இலாகா ஆர்க்கிட் மலர்களுக்கென்றே ஒரு தோட்டம் போட்டது. பூச்சியைப் பிடித்து ஜீரணிக்கும் குடுவைச் செடியை அங்கே பார்த்த நண்பர், ஒரு கணம் தம் ஆச்சரியமின்மையை மறந்துவிட்டார்.

ஆனால் காக்பர்ன் வந்தபோது மலை காலியாகவா கிடந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஏரிக்கரையை விட்டு நகர்ந்தால்தான் உண்மையான சேர்வராயன் மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

மூன்று அண்ணன் தம்பிகள்

வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை... எவ்வளவு அழகான பெயர்கள்! மஞ்சக்குட்டையைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சளும் ஒரு சிறு குட்டையும் கண்முன் நிற்கின்றன. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் சாலை. பலா மரமும் வெள்ளி ஓக் மரமும் நிழல் போட்டுக்கொண்டு நிற்கின்றன. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. பட்டணத்துப் பிரயாணிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இந்த ஊர்களின் பழைய குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். அவசரப்பட்டு மலையாள பாஷையில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்! மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளிகள். பேசுவது நல்ல தமிழ். தங்கள் மலையை அவர்கள் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தலைவர். ஊருக்கு ஊர் பெரியதனக்காரர். வெள்ளைக்காரர்கள் சர்வே சங்கிலியை எடுத்துக்கொண்டு ஏறுவதற்கு முன்பே இந்த மலைக்கு எல்லையும் இருந்தது, சட்டமும் இருந்தது.

எங்கிருந்து வந்தார்கள்? காஞ்சீபுரத்திலிருந்து வந்ததாக அவர்களிடையே தலைமுறை தலைமுறையாக ஒரு கதை உண்டு. அவர்கள் கும்பிட்ட கரிராமர் காஞ்சியை விட்டுப் புறப்பட்டாராம். சுவாமி போன பிறகு நமக்கு இங்கே என்ன வேலை என்று பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ஒருவர் சேர்வராயன் மலையிலும், ஒருவர் கொல்லிமலையிலும், ஒருவர் பச்சைமலையிலும் குடியேறினார்கள். எந்தச் சகோதரர் எந்த மலைக்கு வந்தார் என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. மூத்தவர் தங்கள் மலைக்குத்தான் வந்தார் என்று சொல்லிக்கொள்ள எந்த மலைக்குத்தான் ஆசை இராது?

கதையில் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சாமையும் கேழ்வரகும் விதைத்து, மூங்கில் தட்டியில் செம்மண் பூசிப் புல் வேய்ந்த வீடு கட்டி, இந்த மலையிலே இவர்கள் வேர் விட்டார்கள் என்பது நிச்சயம். இன்று புல் வேய்ந்த வீடு அபூர்வம். சாமை விளைந்த கொல்லையில் காப்பியும் மிளகும் ஏறிவிட்டன. தமிழ்நாட்டின் 234 சட்டசபைத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று இந்த ஏற்காடு.

பிள்ளையாருக்குப் பக்கத்தில்

இந்த மலையில் நான் மிகவும் சொல்ல விரும்பும் அதிசயம் மிகச் சின்னது, உள்ளங்கையில் அடங்கும். மலைக் கிராமங்களில் மரத்தடிப் பிள்ளையாரைக் கும்பிடப் போனால், சில இடங்களில் அவரைச் சுற்றிலும் வழவழவென்று தேய்த்த கற்கள் வைத்திருப்பதைக் காணலாம். ஒரு முனை கூர்மையாகவும் மறு முனை பருமனாகவும் இருக்கும். ஏதோ ஆற்றிலே உருண்ட கூழாங்கல் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவை கூழாங்கற்கள் அல்ல. இரும்பு என்பதே தெரியாத காலத்தில், மனிதன் கல்லின் மேல் கல்லைத் தேய்த்துத் தேய்த்துச் செய்த கோடரிகள்! புதிய கற்காலம் என்று சரித்திரக்காரர்கள் சொல்லும் யுகத்தைச் சேர்ந்தவை. கொல்லையை உழும்போது கலப்பையில் அகப்படும். மனிதன் கையால் செய்தது என்று தோன்றாததால், தெய்வ காரியம் என்று எண்ணி, மரியாதையாகக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னே காட்டை வெட்டிய ஆயுதம் இன்று பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கண்காட்சிச் சாலையிலும் இதைவிடப் பத்திரமாக யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கற்களின் பாஷை தெரிந்த மனிதர் ஒருவர் இதே மலையிலே குடியிருந்தார். ராபர்ட் புரூஸ் பூட் என்பது அவர் பெயர். பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் அவர் ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய ஆயுதம் அது. இந்திய நாட்டில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே வருஷம் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில், பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து ஆராய்ந்து, அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

பூட் துரை 1891-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டிலே வீடு வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் சென்னை மியூசியத்துக்குக் கொடுத்தார். எழும்பூருக்குப் போனால் இன்றும் அந்தச் சேகரத்தைப் பார்க்கலாம். 1912 டிசம்பரில் அவர் கல்கத்தாவில் காலமானார். ஆனாலும் அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் இருக்கிறது.

பழமொழித் துரை

பூட் துரைக்கு ஒரு மாமனார் உண்டு. அவரைப் பற்றிச் சொன்னால் தமிழ் அபிமானிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1826-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அவரிடம் படித்து, அவருக்கே தமிழ்ப் பண்டிதராகி, பைபிளைத் தமிழாக்குவதில் துணை நின்ற சைவ இளைஞர் வேறு யாரும் அல்ல. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர்தான்! கிறிஸ்தவப் பாதிரியாரும் நெற்றி நிறைய நீறணிந்த நாவலரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்துக்காகத் தர்க்கம் செய்யும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பிறகு பெர்சிவல் சென்னைக்கு வந்தார். 'தினவர்த்தமானி' என்ற பத்திரிகையை நடத்தினார். பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பாட்டிமார் வாயிலும் சந்தைக்கடையிலும் புழங்கிய தமிழ்ப் பழமொழிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். 1874-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகள், ஆங்கில மொழிபெயர்ப்புடன் இருக்கின்றன.

அவர் 1882-இல் ஏற்காட்டிலேதான் கண்ணை மூடினார். மாமனார் சொல்லைப் பொறுக்கினார்; மருமகன் கல்லைப் பொறுக்கினார். இருவரையும் கடைசியில் இழுத்தது இந்த மலை. கோடை விழாவுக்கு வந்து பூ அலங்காரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சமாசாரம் தெரியும்?

இரண்டு கடலுக்கும் நீர்

மஞ்சக்குட்டைப் பக்கம் போகிறவர்கள் சேர்வராயன் கோயிலையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. சுமார் 5,300 அடி உயரத்தில் மொட்டை மேடாக விரிந்து கிடக்கும் புல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயரும் காவேரியம்மனும் அங்கே குடியிருக்கிறார்கள். குகை உள்ளுக்குள்ளே போய்க் காவிரியோடு சேருகிறது என்பது ஜனங்களின் நம்பிக்கை. மே மாதத்துத் திருவிழாவின்போது மூன்று நாட்டு ஜனங்களும் இங்கே கூடுகிறார்கள்.

"குகையாவது, காவிரியாவது!" என்றார் நண்பர்.

தேசப்படத்தை விரித்துக் காட்டினேன். திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இந்த மலையில் பிறந்து காவிரியில் விழுகின்றன. இதே மலையில் பிறக்கும் வாணியாறு வடக்கே இறங்கித் தென்பெண்ணையில் சேருகிறது. மலைமேட்டில் பெய்யும் ஒரே மழையில் ஒரு துளி காவிரிப்பூம்பட்டினத்துக் கடலுக்குப் போகிறது; பக்கத்துத் துளி கடலூர்க் கடலுக்குப் போகிறது. குகைக்குள்ளே வழி இருக்கிறதோ இல்லையோ, மலைக்கும் காவிரிக்கும் உறவு இருக்கிறது என்று முன்னோர்கள் சொன்னது பொய் அல்லவே! நண்பர் பேசாமல் படத்தை மடித்துக் கொடுத்தார்.

அந்த உறவு அவ்வளவு பத்திரமாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மேட்டின் தலையில் மழை யுக யுகமாகக் கல்லைக் கரைத்துக் கரைத்துப் பாக்ஸைட் என்னும் அலுமினிய மண்ணாக மாற்றி வைத்திருக்கிறது. 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்ததும், இந்த மண்ணைத் தோண்டி லாரி லாரியாகக் கீழே கொண்டுபோனார்கள். 2008-இல் அங்கே அலுமினியம் உருக்குவது நின்றது. வெட்டிய இடம் வெட்டிய இடம்தான். மண்ணின் மேல்தோல் போனால் மழைநீர் நிற்பதில்லை. நிற்காத நீர் ஊற்றாக வருவதில்லை. அலுமினியப் பாத்திரம் நம் எல்லாருடைய அடுப்பங்கரையிலும் இருக்கிறது. ஆகவே இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கை மறந்துவிடக் கூடாது.

காப்பிக்கும் இதே கணக்குத்தான். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுவதும் மல்லிகை பூத்தாற்போல் வெள்ளையாகப் பூத்து, மலையே மணக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த வைபவம் முடிந்துவிடும். மழை தவறினால் பூ இல்லை. பூ இல்லாவிட்டால் கார்த்திகை, மார்கழியில் பறிப்பதற்குப் பழம் இல்லை. பழம் பறிக்கிற கைகளுக்கும் வேலை இல்லை. அப்புறம் இளைஞர்கள் சேலத்துக்கும் அதற்கு அப்பாலும் பிழைப்புத் தேடி இறங்கிவிடுகிறார்கள். ஊரில் இளைஞர்கள் இல்லாவிட்டால் மூன்று சகோதரர் கதையை யாரிடம் சொல்வது? மரத்தடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் கல்லல்ல என்று யார் சொல்வார்கள்?

இதற்காகத்தான், நேயர்களே, ஒரு சின்ன யோசனை சொல்கிறேன். அடுத்த கோடையில் ஏற்காட்டுக்குப் போனால் ஏரியில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குட்டைப் பக்கமோ நாகலூர்ப் பக்கமோ திரும்புங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது திண்ணையில் இருந்தால், "ஐயா, உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால் சொல்பவருக்கும் கதை மறக்காது. பிள்ளையாருக்குப் பக்கத்தில் வழவழப்பான கல்லைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுங்கள். பைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். அது அந்த ஊரார் சொத்து. திரும்புகிற வழியில் மலைக் காப்பிக் கொட்டை ஒரு கிலோ, மிளகு ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது நண்பர் இருபது வளைவையும் கண்ணைத் திறந்துகொண்டே எண்ணினார். "ஏழைகளின் ஊட்டி என்று இனிமேல் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்!" என்றார். அடிவாரத்துக் கடையில் காப்பி குடித்தபோது, அது எந்த மலைக் கொட்டை என்று கடைக்காரரைக் கேட்டும் வைத்தார்.